மாத்திரைக்குப் பதிலாகத் திராட்சை

திராட்சை தின்றால் ரத்தம் ஊறும் என்று வாய் வலிக்கச் சொல்லித் திரிந்தவள் நான். கிராம சுகாதார நர்ஸாகப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் யாராவது இன்று காலையில்கூட அதை ஒரு கர்ப்பிணியிடம் சொல்லியிருப்பீர்கள். சொல்லியிருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சொல்லாதவர்களும் படியுங்கள். நாளைக்குச் சொல்லப் போகிறவர்கள்தானே.

எனக்குக் கோவையாக எழுத வராது. ரிஜிஸ்தர் எழுதியே தேய்ந்த கை இது. ஊசி போடுவது, எடை பார்ப்பது, அட்டை நிரப்புவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் என்னைவிட நீங்கள் கெட்டிக்காரிகள். அவசரத்தில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அரை நிமிஷத்தில் என்ன பதில் சொல்வது, அந்தப் பதில் தப்பாகிப் போனால் அதற்கப்புறம் என்ன செய்வது என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. அதில் நான் இரண்டு தடவை தோற்றேன். முதல் தடவைக்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவைக்கு என்னிடம் சமாதானம் இல்லை.

போடியில் நான் வேலை பார்த்த பகுதியில் பாதிப் பெண்கள் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். விடிந்தும் விடியாமலும் ஜீப்பு வந்துவிடும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணினால் உங்களுக்குத் தலை சுற்றும். போடிமெட்டு வளைவுகளில் ஏறி, அங்கிருந்து கேரளா எஸ்டேட்டுக்குள் போய், பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பி வருவார்கள். சுகாதார நிலையம் திறந்திருக்கும்போது அவர்கள் ஏலச்செடிக்குள் குனிந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு வரும்போது நிலையம் பூட்டியிருக்கும். வயிற்றில் பிள்ளை இருந்தாலும் எட்டாம் மாதம் வரைக்கும் இதே ஓட்டம்தான்.

அவர்களை எதிர்பார்த்து நிலையத்தில் உட்கார்ந்திருந்து பிரயோசனம் இல்லை என்று தெரிந்ததும், நானே ஜீப்பு நிற்கும் ஜீப்படிக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு பை நிறைய இரும்புச்சத்து மாத்திரை. மலைக்குப் போகிற கர்ப்பிணிகள் அத்தனை பேருக்கும் ரத்தம் குறைவு. ஆனால் மாத்திரையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கொமட்டுது என்பார்கள். வயிற்றால் கறுப்பாகப் போகுது என்பார்கள். பிள்ளை கறுப்பாப் பொறக்குமாம்ல என்று என்னிடமே வந்து கேட்பார்கள். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அந்த வளைவுகளில் ஏறினால் யாருக்குத்தான் வாந்தி வராது. என் கண்ணெதிரே வாங்கிக்கொள்வார்கள். ஜீப்பு போனதும் பார்த்தால் சாக்கடை ஓரத்தில் மாத்திரை அட்டை அட்டையாகக் கிடக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ராசிங்காபுரம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் எனக்குப் பழக்கம். அவருடைய மருமகளின் பிரசவத்துக்கு நான் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போனேன் என்று என்மேல் அவருக்கு மரியாதை. கொத்தாக இருக்கிற பழத்தைப் பெட்டியில் அடுக்கிக் கேரளாவுக்கு அனுப்புவார்கள். காம்பை விட்டு விழுந்த உதிரிப்பழம் பெட்டிக்கு ஆகாது. ஊரில் அள்ளிக் கொடுப்பதும் உண்டு, ஆட்டுக்குப் போடுவதும் உண்டு. அந்த உதிரியை வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு பெட்டி எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். கேட்ட மறுநாளே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

நல்ல கறுப்புப் பன்னீர்த் திராட்சை. உப்புத் தண்ணீரில் அலசி, காகிதக் கூட்டில் போட்டு, மாத்திரை வாங்குகிறவர்களுக்குத்தான் பழம் என்று சட்டம் போட்டேன். அடுத்த வாரமே வரிசை நின்றது. வாங்குகிறவர்களுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று நானும் வாய்க்கு வந்ததைச் சேர்த்துக்கொண்டேன். கறுப்புப் பழம், அப்படியே ரத்தமாக மாறும், கன்னம் சிவந்துவிடும், பிரசவத்தில் தெம்பாக இருக்கும். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது. ஊரில் எனக்குத் திராட்சை சிஸ்டர் என்று பெயர் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் எச்சரிக்கை அந்தத் தோட்டக்காரரிடமிருந்தே வந்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு. காலில் ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. ரத்தம் பார்த்தால் சர்க்கரை எங்கேயோ ஏறிக் கிடக்கிறது. என்னண்ணே சாப்பிட்டீங்க என்று கேட்டேன்.

"என்னத்த ஆத்தா சாப்பிட்டேன். நீ ஊருக்கே சொல்றல்ல, திராட்சை நெஞ்சுக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லதுன்னு. நம்ம தோட்டத்துப் பழம்தானேன்னு கொத்துக் கொத்தாத் தின்னேன். சோறக் கொறச்சிட்டேன்ல."

நான் சிரித்துவிட்டேன். அண்ணே, பழத்தில் இருப்பதும் சர்க்கரைதான், ஒரு கைப்பிடிக்கு மேல் தொடாதீங்க, மாத்திரையை விடாதீங்க என்று அங்கேயே திராட்சைப் பந்தலுக்கடியில் நின்று சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார். புண்ணும் ஆறியது. அடுத்தவர் தப்பாகப் புரிந்துகொண்டதைத் திருத்துவது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. நான் சொல்கிற முறையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

செல்வராணி அந்த வரிசையில் நின்றவள்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஐந்தாம் மாதம். மூத்தவள் கார்த்திகா, ஏழு வயதுப் பெண். வீட்டுக்காரர் லோடு வண்டிக்குப் போகிறவர், வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். செல்வராணி அதிகம் பேச மாட்டாள். ஆனால் சொன்னால் சொன்னபடி செய்கிறவள். எங்கள் வேலையில் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது அபூர்வம். நான் கெடுத்தது அப்படிப்பட்ட ஒருத்தியைத்தான்.

அவளுக்கு ரத்த அளவு, பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டியது, எட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மாத்திரை கண்டிப்பாக வேண்டும் என்கிற நிலை. அன்றைக்குக் காலையில் வரிசையில் அவள் முறை வந்தபோது மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"சிஸ்டர், இது ஒத்துக்கிரவே மாட்டேங்குது. நேத்துப் பூரா வாந்தி. ரெண்டு நாள் சோலிக்கே போகல. இதை விட்டுட்டுப் பழத்தை மட்டும் தின்னாப் போதாதா? அதுலயும் ரத்தம் ஊறும்னு நீங்கதானே சொன்னீங்க."

அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஜீப்பு டிரைவர் மலைக்குப் போய்ப் போய்ப் பாதி மலையாளியாகிப்போனவர். பணிக்கு நேரமாச்சு சேச்சி, வெரசா விடுங்க என்று ஹாரனை அமுக்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு எட்டு மணிக்கு வேறொரு ஊரில் தடுப்பூசி முகாம்.

அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது மாத்திரையைப் போடு, டீயோடு போடாதே, அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரைப் பார், வேறு மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது. இவ்வளவுதான். ஜீப்பை நிறுத்திவைத்துச் சொன்னாலும் ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. பழத்தில் ரத்தம் ஊறும் என்று நான் சொன்னது உன்னை மாத்திரை வாங்க வைக்கத்தான் ஆத்தா, பழத்தில் அந்தச் சத்து அவ்வளவாகக் கிடையாது. வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் நாளைக்கு யாரும் வரிசைக்கு வர மாட்டார்கள் என்று பயந்தேன். திராட்சை சிஸ்டர் என்ற பெயரும் போய்விடும் என்பதும் மனசின் ஓரத்தில் இருந்தது.

"சரி, ஒரு மாசத்துக்கு மாத்திரைய நிறுத்து. பழத்தை விடாமத் தின்னு. பெறகு பார்ப்போம்" என்றேன். இரண்டு காகிதக் கூடு சேர்த்துக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. சந்தோஷமாக ஏறிப் போனாள்.

அந்தப் 'பிறகு' வரவே இல்லை. அடுத்த மாதம் ரத்தம் பார்க்கும் நாளில் அவள் எஸ்டேட்டில் இருந்தாள். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். நடுவில் இரண்டு மூன்று தடவை ஜீப்படியில் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. ஜீப்பில் கால் வைத்து ஏறுவதற்கே மூச்சு வாங்கினாள். எப்படி இருக்க என்றால், நல்லா இருக்கேன் சிஸ்டர், பழம் விடாம வாங்குறேன் என்பாள். அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, இன்றைக்கு வேலைக்குப் போகாதே, என்னோடு வா என்று கூட்டிப் போயிருக்கலாம். ஒரு நாள் கூலி போகும், அவ்வளவுதான். நான் தலையாட்டிவிட்டு அடுத்தவளுக்குக் கூட்டை நீட்டினேன்.

எட்டாம் மாதம் பிறந்த வாரத்தில் எஸ்டேட்டில் செடிக்கிடையில் மயங்கி விழுந்துவிட்டாள். கூட வேலை பார்த்தவர்கள் ஜீப்பில் படுக்கவைத்து அத்தனை வளைவுகளிலும் இறக்கிக் கொண்டுவந்தார்கள். வரும் வழியிலேயே வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் பார்த்தால் ஆறுக்கும் கீழே. பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றி அவளைக் காப்பாற்றினார்கள். பையன் பிறந்தான். ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. இரண்டு நாள் இருந்தான்.

அங்கே எங்களுக்கு மேலே ஒரு பெண் டாக்டர் இருந்தார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கோபம் வந்தாலும் குரல் உயர்த்த மாட்டார். பையன் போன அன்றைக்கு என்னை வராந்தாவுக்கு அழைத்தார். கையில் என்னுடைய ரிஜிஸ்தர். அதில் செல்வராணி பெயருக்கு நேரே மாதாமாதம் மாத்திரை கொடுத்ததாகத்தான் எழுதியிருந்தேன்.

"மாத்திரை சாப்பிட்டாங்களா?"

"மாசா மாசம் குடுத்திருக்கேன் டாக்டர்."

"நான் கேட்டது அது இல்லை."

அதற்குள் உள்ளேயிருந்து யாரோ ஓடிவந்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். திரும்பி வந்து கேட்பார் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்காமலே போய்ச் சொல்ல அவருடைய அறைக்கு இருபது அடி தூரம்தான் இருந்தது.

பிறகு வார்டுக்குள் போனேன். செல்வராணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டில் காலருகே தரையில் கார்த்திகா உட்கார்ந்திருந்தாள். நான் தோளைத் தொட்டதும் செல்வராணி திரும்பினாள்.

"நீங்க சொன்னபடியேதான் செஞ்சேன் சிஸ்டர். ஒரு வாரம்கூட விடாம வாங்குனேன். மலைமேல கொண்டுபோயித் திங்க நேரமிருக்காது. வீட்டுக்குக் கொண்டாந்து திங்கலாம்னு வச்சிருப்பேன். வாசல்ல இவ நிப்பா. எனக்குக் குடு எனக்குக் குடுன்னு பாதிய இவ தின்னுட்டா. பிள்ளைதானேன்னு நானும் குடுத்துட்டேன். முழுசா நான் தின்னிருந்தா எம்பிள்ளை பொழைச்சிருப்பான்ல?"

கார்த்திகா தலையை நிமிர்த்தவே இல்லை.

இதுதான் நான் இரண்டாவது தடவை தோற்ற இடம். இதற்கு ஹாரன் அடிக்க ஜீப்பு இல்லை, வரிசை இல்லை, முகாம் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்தது. இல்லை ஆத்தா, பழத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, உனக்கு வேண்டியது மாத்திரை, அதை நிறுத்தச் சொன்னவள் நான். மூன்றே வாக்கியம். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அவள் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரோ என்று பயந்தேன். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா. "அதையெல்லாம் இப்ப நெனைக்காத. உடம்பத் தேத்திக்க." அவள் கேள்விக்கு நான் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லாததனால் ஆமாம் என்று ஆகிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது. அவள் காதிலும் விழுகிறது என்றுகூட நான் அப்போது நினைக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஜீப்படியில் பேச்சை மாற்றிவிட்டேன். அந்த டாக்டர் ஒரு கூட்டத்தில் எங்களுக்குச் சொன்ன வார்த்தை இது: "ஒரு சாப்பாட்டுப் பொருளை நல்லதுன்னு சொன்னா, அது எதைச் செய்யும், எதைச் செய்யாதுன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லணும். ஒண்ண மட்டும் சொன்னா அது விளம்பரம்." என்னைப் பார்த்துச் சொன்னாரா, எல்லாரையும் பார்த்துச் சொன்னாரா தெரியாது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

நீங்களும் அப்படியே சொல்லுங்கள். திராட்சை நல்ல பழம்தான். வெயிலில் வேலை பார்த்துவிட்டு வருகிற உடம்புக்கு நீரும் தெம்பும் தரும். கறுப்புத் திராட்சையின் தோலில் இருக்கிற சத்து ரத்தக் குழாய்க்கு நல்லது, தோலோடு சாப்பிட்டால் மலச்சிக்கலுக்கும் கொஞ்சம் உதவும். வாய்க்கு ருசி இல்லாத கர்ப்பிணிக்கு ஒரு வாய் உள்ளே போகும். ரத்தசோகைக்கு அது மருந்து ஆகாது. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடட்டும், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் குடிக்கிறேன் என்று சொல்வார்கள். குடிக்கட்டும், அதற்காக மாத்திரையை விடக் கூடாது. சர்க்கரை இருக்கிறவர்கள் அளவோடு நிறுத்தட்டும். மருந்தடித்த பழத்தை நன்றாக அலசித் தின்னட்டும். இவ்வளவும் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் வாட்ச்சை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இதை ஆயிரம் பெண்களிடம் சொல்லியிருப்பேன். செல்வராணியிடம் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நாளில் மறுபடி மலைக்குப் போனாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. ரோட்டில் பார்த்தால் சிரிப்பாள், நல்லா இருக்கீங்களா சிஸ்டர் என்று கேட்பாள். அவள் என்மேல் மரியாதையாக இருக்க இருக்க எனக்கு அவளைப் பார்க்கவே கூசும். எதிரே வருவது தெரிந்தால் கடைக்குள் நுழைந்துவிடுவேன். பஸ்ஸில் ஏறினால் தப்பிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து மழை பற்றியும் ஏலக்காய் விலை பற்றியும் பேசிக்கொண்டு போவோம்.

ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் கழித்து, போன தை மாதத்தில் ஒரு நாள், தேவாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஏறினாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச்சுவாக்கில், மகள் எப்படி இருக்கா என்று கேட்டேன்.

"திருப்பூர்ல இருக்கா சிஸ்டர். பேசுறதில்ல. ரெண்டு வருசமாச்சு."

"ஏன், என்ன?"

"கல்யாணமாகி நாலு வருசமா அவளுக்குக் கரு தங்கல. ரெண்டு மட்டம் கலைஞ்சு போச்சு. இங்க வந்திருந்தப்ப ஏதோ சண்டை. கோவத்துல எம்வாயில வந்துருச்சு. வயித்துல கெடந்த தம்பி வாயிலருந்து புடுங்கித் தின்னவளுக்கு எப்படித் தங்கும்னு கேட்டுட்டேன். பெட்டியத் தூக்கிட்டுப் போனவதான். போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "சின்னதுலயும் சொல்லியிருக்கேன் சிஸ்டர். அவன் நெனப்பு வர்றப்பெல்லாம் இவளத்தான் அடிப்பேன். திராட்சப் பழத்தக் கண்டாலே அந்தப் புள்ள ஓடி ஒளியும்."

நான் வாயை மூடிக்கொண்டது எனக்கும் செல்வராணிக்கும் நடுவில் இருக்கிற விஷயம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை தலையில் அதைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று தெரியாது. தெரியாது என்று சொல்வதுகூடத் தப்பு. தெரிந்துகொள்ள நான் போகவில்லை.

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை. அவள் இறங்கிய இடத்தில் இறங்கி, அவள் வீட்டுக்கே கூடப் போனேன். ஏதோ மருந்து சொல்லத்தான் வருகிறேன் என்று நினைத்திருப்பாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காப்பி போடப் போனவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப்படியில் மாத்திரையை நிறுத்தச் சொன்னது தப்பு என்று அப்போதே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். வார்டில் அவள் கேட்டதற்கு ஏன் பதில் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முடியவில்லை.

அவள் அழவில்லை.

"அப்ப, முழுசும் நானே தின்னிருந்தாலும்?"

"தின்னிருந்தாலும் அதே கதிதான் செல்வராணி. ரத்தம் ஏறியிருக்காது."

"இவ ஒத்தப் பழம்கூடத் தொடாம இருந்திருந்தாலும்?"

"அவ தின்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"இதைத் தெரிஞ்சு வச்சிக்கிட்டா இத்தனை வருசமும் எம்பக்கத்துல பஸ்சுல ஒக்காந்து வந்தீங்க?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். திட்டுவாள், எழுந்து வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன். அவள் கையை நீட்டினாள்.

"ஒங்க போனக் குடுங்க. என் நம்பர்னா அவ எடுக்க மாட்டா."

மகளின் நம்பரை மனப்பாடமாக வைத்திருந்தாள். அவளே அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தாள். என்கிட்டச் சொன்னத அப்படியே அவகிட்டச் சொல்லுங்க என்றாள். மணி அடித்தது. யாருங்க என்றது ஒரு பெண் குரல். பெரிய பெண்ணின் குரல். எனக்குத் தெரிந்த கார்த்திகாவுக்கு ஏழு வயதுதான்.

நான் யார் என்று சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். செல்வராணியிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பக்கம் தையல் மிஷின்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அங்கிருந்து எழுந்து எங்கேயோ போயிருக்க வேண்டும், சத்தம் நின்றுவிட்டது. முடித்துவிட்டு, லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"எங்கம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்மா. பக்கத்துலதான் இருக்காங்க. குடுக்கவா?"

"வேணாம். அவுங்க நம்புனாங்களான்னு மட்டும் சொல்லுங்க."

நான் செல்வராணியைப் பார்த்தேன். அவள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பாப்பா என்று கூப்பிட்டாள். இரண்டு பக்கமும் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன்.

எதிர்வீட்டுச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். செல்வராணி வெளியே வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். போனை முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"இனிமே பஸ்சுல பாத்தா எம்பக்கத்துல ஒக்காராதீங்க சிஸ்டர்."

சரி என்றேன்.